சேவலுக்கு ஒரு அப்புக்காத்து

தம்பி, உம்மைக் குறை சொல்ல வரேல்லை. 2023இல இந்தியாவிலயிருந்து கப்பலில முட்டை இறக்கின நாட்டில, வெள்ளவத்தையில கையகலக் கோடிக்குள்ள நாலு பேடு வளர்க்கிறீர். கெட்டித்தனம்தான். ஆனால் அதுகளுக்குக் காவலா அந்தச் சேவல் எதுக்கு? முட்டைக்கெண்டு சொல்லாதையும். சேவலின்ர முகம் பாராமலே பேடு முட்டையிடும். குஞ்சு வேணுமெண்டால்தான் மாப்பிள்ளை தேவை.

முருகன்ர கொடிச் சேவல் எண்டு பக்கத்து வீட்டு அக்காவுக்கு விளக்கம் குடுத்தீராம். முருகன் விசயம் தெரிஞ்சவர், அதைத் துணியில எழுதி வைச்சிருக்கிறார். பாரிஸ் மச்சான் அனுப்பின கதையையும் எடுத்துவிட்டீராம்: மொரிஸ் எண்ட சேவல் கூவலாமெண்டு 2019இல ரோஷ்ஃபோர் கோடு தீர்ப்புச் சொல்லி, வழக்குப் போட்டவையிட்ட 1,000 யூரோ நட்டஈடும் வாங்கிக் குடுத்தது. மெய்தான். ஆனால் அந்தச் சேவல் இருந்தது பிரான்சில ஒலெரோன் தீவில. வழக்குப் போட்டவை விடுமுறைக்கு வந்து தங்கிற ஆக்கள். எங்கட அக்கா வருசம் முழுக்க உம்மட மதிலுக்கு அங்காலதான் படுக்கிறா.

இஞ்ச 1996இல வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதி, மாநகரசபை எல்லைக்குள்ள இரவுக்கு 50 டெசிபல் எண்டுது. சேவலை நினைச்சு எழுதினதில்லைத்தான். கிட்ட நிண்டு கேட்டால் உம்மட ஆள் 100ஐத் தாண்டுவார். அவருக்கென்ன, வாயை அகலத் திறக்கேக்க காதுத் துவாரம் தன்பாட்டில பொத்துப்படும். அக்காவுக்கு அந்த வசதி இல்லை.

சாக்கால மூடினால் அடங்கிப்போம் எண்டும் நினைக்காதையும். ஜப்பானில நகோயாப் பல்கலைக்கழகத்தார் சேவல்களை ஒரே மங்கல் வெளிச்சத்தில வைச்சுப் பார்த்து, 2013இல எழுதினவை: கூவுறதுக்கு உள்ளுக்குள்ளயே ஒரு மணிக்கூடு ஓடுதாம், விடிய முதலே துவங்கிடுமாம். கொட்டாஞ்சேனையில என்ர சம்பந்தி, ரெண்டு வைச்சால் ஒண்டுக்கொண்டு பயந்து பேசாமல் கிடக்கும் எண்டு இன்னொண்டு வாங்கினார். பெரியவர் கூவி முடிய இப்ப சின்னவர் கூவுறார். இந்த வரிசை மரியாதையையும் அதே ஜப்பான்காரர் பிறகு கண்டுபிடிச்சவை; சம்பந்தி வாங்க முதல் கேட்டிருக்கலாம்.

வைச்சிருக்கத்தான் வேணுமெண்டால் கேளும். இரவில தடிச்ச பலகைப் பெட்டிக்குள்ள விடும், கூவினாலும் சத்தம் மட்டுப்படும். அக்கா எழும்பி யன்னல் திறந்த பிறகு வெளியில விடும். காத்துத் துவாரம் அக்கா பக்கம் வேண்டாம், றெயில் ரோட்டுப் பக்கம் வையும். அங்க ஏற்கெனவே சத்தம்தானே. துவாரத்தில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதையும். கோழிக்கு வேர்க்காது, கொழும்புப் புழுக்கத்தில இளைச்சே செத்துப்போம். கூவாமலிருக்கக் கழுத்துப்பட்டி விக்கினமாம். கூவுறதுக்கு வெளியில தள்ளுற காத்தைத்தான் அது மறிக்குது. கொஞ்சம் இறுகினால் மூச்சும் போம். டை கட்டிக்கொண்டு பஸ்ஸில தொங்கிற உமக்கு நான் விளங்கப்படுத்தவோ?

நாளைக்கே நாலு முட்டையோட அக்காவிட்டப் போம். முருகனையும் மொரிஸையும் வீட்டில விட்டிட்டுப் போம்.

எல்லாத்திலும் சுகம், ஆளை ஊருக்கு அனுப்புறது. ஆரிட்டக் குடுக்கிறீர் எண்டு வடிவா விசாரியும். எனக்கு வவுனியாவில ஒருத்தரைத் தெரியும், நல்ல மனுசன், கோழியெண்டால் உயிர். சனிக்கிழமை பஸ்ஸில மட்டும் ஏத்திப்போடாதையும்; ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு மருமகன் வாறவர்.