மான் உரிக்க ஒரு மடக்குக் கத்தி

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போக உரிமம் வேண்டும், துப்பாக்கி வேண்டும், விடியற்காலைக் குளிரில் மரத்தின் மேல் அசையாமல் உட்காரும் பொறுமை வேண்டும். இதெல்லாம் எல்லோரிடமும் இருக்கும். நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டுமானால், பட்டறையில் ஒருவர் கையால் செய்த மடக்குக் கத்தி வேண்டும். அதை வாங்கும் வழிமுறை இதோ.

முதலில், கடைப்பக்கம் போகாதீர்கள். அங்கே பக் 110 என்ற மடக்குக் கத்தி இருக்கும். 1964இல் வந்தது. மூன்றே முக்கால் அங்குல அலகு, இரு முனையிலும் பித்தளை, விரித்தால் தானே பூட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து மான் உரித்துக்கொண்டிருக்கிறது. ஒழுங்காக வேலை செய்யும் என்று ஊருக்கே தெரிந்த கத்தியை வைத்துக்கொண்டு என்ன பெருமை பேசுவீர்கள்?

அட்லாண்டாவில் ஆண்டுதோறும் பிளேட் ஷோ என்ற கண்காட்சி நடக்கிறது. அங்கே போய்ப் பேர்போன கைவினைஞர் ஒருவரைப் பிடியுங்கள். அவரிடம் காத்திருப்போர் பட்டியல் இருக்கும். உடனே செய்து தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்; அவருக்குத் தொழில் தெரிந்திருக்கலாம், அது உங்களுக்குப் போதாது.

காத்திருக்கும் காலத்தில் எஃகைப் பற்றி அபிப்பிராயம் வளர்த்துக்கொள்ளுங்கள். டி2 எஃகில் கூர் நிற்கும், ஆனால் சாணை பிடிப்பதற்குள் உயிர் போகும். சாதாரண கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும், ரத்தம் பட்டால் கறுக்கும். ஒருவரிடம் ஒன்றைப் புகழுங்கள், அடுத்தவரிடம் மற்றதை. நடுவில் எஃகின் கடினத்தைச் சொல்லும் "ராக்வெல் அறுபது" என்ற கணக்கை எடுத்துவிட்டு நிறுத்துங்கள், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அலை அலையாக வரியோடும் டமாஸ்கஸ் அலகு கூடுதல் மதிப்பு. 1973இல் பில் மோரன் என்ற கத்திக் கைவினைஞர் அதைச் செய்து காட்டியதிலிருந்து அமெரிக்கப் பட்டறைகளுக்கு அந்த மயக்கம் தெளியவில்லை. மான் அந்த வரியைப் பார்ப்பதில்லை.

பிடிக்குக் கடமான் கொம்புதான். இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. காட்டில் உதிர்ந்த கொம்புகள் இந்தியாவிலிருந்து கப்பலேறிக் கத்திப் பிடியாகிக்கொண்டிருந்தன. 1990களின் கடைசியில் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதனால் "பழைய இந்தியச் சரக்கு" என்று சொல்லும்போது விற்பவர் குரல் தாழும், விலை ஏறும். நீங்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பணத்தை எடுங்கள்.

கத்தி கைக்கு வந்ததும் காதருகே வைத்து மெல்ல விரியுங்கள். பாதி வழியில் ஒரு 'டக்', முழுதும் திறந்ததும் இன்னொரு 'டக்'. பிறகு முதுகில் நகத்தை ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் வில்லும் அலகும் சேருமிடத்தில் நகம் தட்டக் கூடாது, விரித்தாலும் சரி, மடக்கினாலும் சரி. ஒரு இழை கூடினால் மேடு, ஒரு இழை குறைந்தால் பள்ளம். அரமும் உப்புத்தாளுமாகக் கத்தி செய்த மனிதர் மல்லுக்கட்டியது இந்த இடத்தில்தான். கேட்ட காசு இதற்குத் தகும் என்றே சொல்வேன்.

இனி காடு. மான் விழுந்துவிட்டது. தோலில் சின்னக் கீறல் போட்டு, அலகை அடியில் நுழைத்து, கூர் மேலே பார்க்க, உள்ளிருந்து வெளியே அறுக்க வேண்டும். மேலிருந்து அறுத்தால் மயிர் வெட்டுப்பட்டு இறைச்சியில் ஒட்டும், கூரும் மழுங்கும். நுனி குடலையோ மூத்திரப்பையையோ குத்திவிடக் கூடாது. கத்திக் கைவினைஞர் பாப் லவ்லெஸ் பிரபலப்படுத்திய, முதுகு சரிந்து நுனி தாழ்ந்த அலகு அதற்குத்தான் தோது.

ஆனால் உங்கள் கத்தி மடக்குக் கத்தி. ரத்தம், கொழுப்பு, மயிர் எல்லாம் அச்சாணி இடுக்கில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பல்குச்சியும் வெந்நீருமாக ராத்திரி முழுக்க நோண்ட வேண்டும். எனவே அதைப் பையிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம், "அண்ணே, உங்க கத்தியைக் கொஞ்சம் குடுங்க" என்ற பொருளில் ஆங்கிலத்தில் கேளுங்கள். அவரிடம் பிளேடு மாற்றும் ஹேவலான் இருக்கும். மழுங்கினால் கழற்றிவிட்டு வேறு போடுவார். கேட்ட தோரணையைப் பார்த்து அவரே உரித்தும் தருவார். அவர் கை கழுவும்போது உங்கள் கத்தியை எடுத்து 'டக், டக்' காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. கடமான் கொம்புப் பிடியோடு இந்தியா வராதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது வம்பு. அமெரிக்காவுக்குள்ளேயே பறந்தாலும் கத்தியைச் சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், எந்தப் பட்டறை என்று கேட்க மாட்டார்கள்.