புள்ளிக்குத் தடை, ஸ்கிரிப்டுக்குப் பூரண கும்பம்

பெருமதிப்பிற்குரிய குறைதீர்ப்புத் தளத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு,

'தங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது. ப்ரவுசர் கேஷை க்ளியர் செய்யவும்' என்ற தங்கள் குறுஞ்செய்தி நேற்று மாலை கிடைத்தது. பின்னாலேயே மின்னஞ்சலில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 66 என்மேல் பாயலாம் என்ற அன்பான நினைவூட்டலும். தளத்தில் ஓட்டை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவனுக்கு இவ்வளவு மரியாதை வேறு யார் செய்வார்கள்!

தங்கள் காவல் எத்தனை கறாரானது என்பதை நான் அறிவேன். பெயருக்கான கட்டத்தில் இனிஷியலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். 'சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை' என்று சிவப்பில் சீறியது. அப்பாவுக்கும் எனக்கும் நடுவே இத்தனை காலம் சாதுவாக உட்கார்ந்திருந்த புள்ளி வாசலிலேயே பிடிபட்டது. கீழே 'குறை விவரம்' பெட்டியில் ஒற்றை வரி ஸ்கிரிப்ட் எழுதிச் சமர்ப்பித்தேன். என் புகாரின் நிலையைப் பார்க்கப் போனால், அது ஜம்மென்று ஓடி, '1' என்று ஒரு பெட்டி திரையில் குதித்து நிற்கிறது. புள்ளிக்கு லத்தியடி, ஸ்கிரிப்டுக்குப் பூரண கும்பம்.

திருடன் ஒருவன் எழுதியிருந்தால், புகாரைத் திறந்து பார்க்கும் தங்கள் அதிகாரியின் ப்ரவுசரிலும் அது ஓடும். அவருடைய லாகின் குக்கீயைச் சுருட்டிக்கொண்டு போகும், பாஸ்வேர்டே வேண்டாம். குக்கீயை ஸ்கிரிப்ட் தொடாதபடி பூட்டும் வசதியையும் தாங்கள் உபயோகிக்கவில்லை. புள்ளி மட்டும் உள்ளே வரவில்லையே, அதுவரை நிம்மதி.

இந்த ஓட்டைக்குப் பெயர் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங். அதைப் பற்றி அமெரிக்காவின் செர்ட் கணினிப் பாதுகாப்பு மையம் எச்சரித்தது 2000 பிப்ரவரியில். 2005 அக்டோபரில் சாமி கம்கர் என்ற இளைஞர் மைஸ்பேஸ் சமூக வலைத்தளத்தில் விளையாட்டாக எழுதிப் போட்ட ஸ்கிரிப்ட், 20 மணி நேரத்துக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் தொற்றியது. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லை மைஸ்பேஸ் தடுத்துத்தான் வைத்திருந்தது. அவர் அதை இரண்டு வரியாக உடைத்தார், உள்ளே போய்விட்டார். பாவம், புள்ளியைத் தடுக்கும் யோசனை அவர்களுக்கு வரவில்லை.

வைத்தியம் பழையது. பயனர் எழுதியதைத் திரையில் காட்டும்போது < என்ற குறியை ஏவலாக அல்லாமல் வெறும் எழுத்தாக மாற்றிக் காட்ட வேண்டும். இன்றைய மென்பொருள் சட்டகங்கள் பெரும்பாலும் இதைத் தாமாகவே செய்கின்றன. யாராவது வேலை மெனக்கெட்டு அணைத்தால்தான் உண்டு.

அந்தக் 'குறை விவரம்' பெட்டிக்குப் பக்கத்தில் ஆதார் நகலை ஏற்றச் சொல்கிறீர்கள். முதியோர் பென்ஷன் வரவில்லை என்று எழுதுகிற கிழவி ஏற்றுகிறாள், போன் நம்பரோடு. அது களவு போனால் அவளுக்கு யார் பதில் சொல்வது? சொன்னவனை மிரட்டுகிற நேரத்தில் அந்த ஒரு வரியைத் திருத்தித் தொலைத்திருக்கலாமே ஐயா!

மன்னிக்கவும். தங்கள் மேலான பணிச்சுமை தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

பிரிவு 66-இன் கீழ் நோட்டீஸ் அனுப்புவதானால் தபாலில் அனுப்புங்கள். தளத்தில் ஏற்றிவிட்டு லிங்க் அனுப்பினால், அதை நான் தொட மாட்டேன்.

இப்படிக்கு,
இனிஷியல் இழந்த குடிமகன்