கோலமாவு என்னும் பயங்கர ஆயுதம்

2019 டிசம்பர் 29. மார்கழி மாதம். சென்னை பெசன்ட் நகரில் சிலர் தெருவில் குனிந்து கோலம் போட்டார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று அதிலேயே எழுதினார்கள். போலீஸ் வந்தது. போட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்காகப் பேசப் போன வழக்கறிஞர்களையும் விடவில்லை. அனுமதி வாங்கவில்லையாம். கோலத்துக்கு அனுமதி! நம் வீட்டுப் பெண்கள் எத்தனை தலைமுறையாக விடியற்காலையில் இந்தக் குற்றத்தைச் செய்துவருகிறார்கள் என்று நினைத்தாலே குலை நடுங்குகிறது.

அதோடு நிற்கவில்லை. சில நாளில் மாநகரக் காவல் ஆணையர் செய்தியாளர்களைக் கூட்டி, கோலம் போட்டவர்களில் ஒருவரின் பேஸ்புக் பக்கத்தில் பாகிஸ்தான் தொடர்பு தெரிகிறது என்றார். சிக்குக் கோலத்தில் எந்த இழை எங்கே போய் முடியும் என்று யார் கண்டார்? இஸ்லாமாபாத்தில்கூட முடியலாம்.

கோலமாவுக்கு ஆயுசு அரை நாள். எறும்பு இழுக்கும், ஸ்கூட்டர் ஏறும், மிச்சத்தை விளக்குமாறு பார்த்துக்கொள்ளும். அதே வாசகம் மறுநாள் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலின் வீட்டு வாசலிலும் கோலமாக விரிந்தது. அங்கே போலீஸ் வேன் போகவில்லை, கேமராக்கள் போயின. மாவு அதே மாவு, தரை அதே மாநகராட்சித் தரை. வாசல்தான் வேறு.

தரையிலோ சுவரிலோ எழுதுவது கருத்துரிமையா, சொத்தை நாசம் செய்வதா என்று இனி யாராவது உங்களைப் பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டால், போகாதீர்கள். தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. என்ன எழுதியிருக்கிறது, எதன்மேல் எழுதியிருக்கிறது என்பதெல்லாம் வழக்கே இல்லை. தூரிகை யார் கையில் இருக்கிறது என்பதுதான் வழக்கு.

சந்தேகம் இருந்தால் எங்கள் தெருவுக்கு வாருங்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பி.எஃப். பணத்தில் கட்டிய காம்பவுண்டுச் சுவரில் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதிவைத்திருந்தார். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் சுவர் முழுக்க வெள்ளை. நான்கு மூலையிலும் கட்சியின் பெயர், நடுவில் இரண்டு ஆண்டுகளைக் குறித்து ‘ரிசர்வ்’. அவருடைய ‘செய்யாதீர்’ மேலும் இரண்டு கோட் சுண்ணாம்பு. கேட்கப் போனவருக்குக் கிடைத்த பதில்: “சுவத்தைத்தானே சார் எடுத்துக்கிட்டோம், வீட்டை எடுத்துக்கலியே.”

என்ன பெருந்தன்மை! பட்டா வாத்தியார் பெயரில், சிட்டா வாத்தியார் பெயரில், வில்லங்கச் சான்று சுத்தம், சொத்து வரி கட்டுவதும் அவர்தான். சுவர் மட்டும் வட்டச் செயலாளருடையது. எதிர்க்கட்சிக்காரன்கூட அந்த மூலை எழுத்தைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறான். மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுகிறவர்கள், அடுத்தவன் வீட்டுச் சுவரைப் பங்கு பிரிப்பதில் மட்டும் அண்ணன் தம்பிகள்.

சட்டம் இல்லையா? பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க இந்த மாநிலத்தில் 1959-இலேயே சட்டம் வந்துவிட்டது. தேர்தல் நடத்தை விதியும் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் யார் சுவரிலும் எழுதக் கூடாது என்கிறது. தேர்தல் அறிவித்த நாளில் மட்டும் அந்த விதிக்கு உயிர் வரும். அரசுக் கட்டடங்களில் 24 மணி நேரத்துக்குள், மற்றப் பொது இடங்களில் 48, தனியார் சுவர்களில் 72 மணி நேரத்துக்குள் அழித்தாக வேண்டும். நகராட்சித் தொழிலாளி வாளியோடு வந்து தண்ணிச் சுண்ணாம்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவார். காய்ந்ததும் உள்ளிருந்து சின்னம் பல்லைக் காட்டும். வாக்கு எண்ணி முடித்ததும் பழையபடி எனாமல். நீங்கள் போய் அதே சுவரில் ‘மூன்று வாரமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். 1959-ஆம் வருடச் சட்டம் தூக்கம் கலைந்து எழுந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

சீமையிலும் இதே கதைதான். 2025 செப்டம்பரில், முகம் காட்டாத சுவர் ஓவியர் பேங்க்ஸி லண்டன் உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு படம் வரைந்தார். விக் வைத்த நீதிபதி, தரையில் கிடக்கும் போராட்டக்காரரைச் சுத்தியலால் அடிக்கிறார். உடனே படத்தை மூடினார்கள், காவல் போட்டார்கள், பிறகு சுரண்டினார்கள். சொத்தைச் சேதப்படுத்திய குற்றம் என்று போலீசுக்குப் புகாரும் போனது. அதே ஆள் வரைந்து, பாதி கிழிந்து தொங்கும் ஒரு படத்தை 2021-இல் 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலத்தில் விற்றதும் அதே லண்டன்தான். ஏலக்கடைக்குள் இருந்தால் கலை, நீதிபதியைத் தொட்டால் குற்றம்.

இதையெல்லாம்கூடச் சிரித்துக் கடந்துவிடலாம். சென்னையின் கண்ணகி நகரைக் கடக்க முடியவில்லை. கூவக் கரையிலும் நகரின் மற்ற இடங்களிலும் குடியிருந்தவர்களைக் கிளப்பிக்கொண்டுபோய், 2000-த்திலிருந்து கொட்டிய இடம் அது. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்களை வேலையிலிருந்தும், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தும் பிரித்தார்கள். முதலில் கட்டிய வீடுகள் 195 சதுர அடி. நம்மில் பலர் கார் நிறுத்த அதைவிட அதிகமாக ஒதுக்குகிறோம். இருபது வருடம் கழித்து, 2020-இல், மாநகராட்சியும் பெயிண்ட் கம்பெனியும் ஒரு கலை அமைப்பும் சேர்ந்து அந்தச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்களைத் தீட்டி அதைக் ‘கலை மாவட்டம்’ ஆக்கின. ஓவியர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன, அங்கே வாழும் குழந்தைகளின் முகங்கள் அதில் சிரிக்கின்றன. சுவருக்கு நான்கு மாடி உயரத்தில் நிறம் கொடுத்தவர்கள், சுவருக்கு உள்ளே இருப்பவரிடம் ஒரு டப்பா பெயிண்டைக் கொடுத்து, “உன்னை இங்கே கொண்டுவந்து போட்டது யார் என்று நீயே எழுது” என்று சொல்லியிருந்தால் அதைக் கலை என்று நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த வாசகத்துக்கு எந்த அதிகாரி வந்து ரிப்பன் வெட்டுவார்?

செஞ்சிக் கோட்டைக் கல்லில் காதலி பெயரைக் கீறுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவனைப் பிடியுங்கள், அபராதம் போடுங்கள். வாத்தியார் சுவரைப் பிடித்தவர்களுக்கும் அதே அபராதத்தைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆளுங்கட்சியின் ஒரே ஒரு சுவரில், தேர்தல் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், அந்த 1959-ஆம் வருடச் சட்டத்தை ஒருமுறை பயன்படுத்திக் காட்டுங்கள். முடியாதென்றால் அதை ரத்து செய்துவிட்டு எல்லோருக்கும் ஆளுக்கொரு தூரிகை கொடுங்கள்.