தட்டிப் பார்க்கிறவர்

நீங்கள் கதவைத் திறந்த பிறகும் ஒருவர் அதைத் தட்டிக்கொண்டே இருந்தால், அது அவர்தான். முதலில் நடுவில் ஒரு தட்டு. பிறகு தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில். அப்புறம் குனிந்து, முழங்காலுக்குக் கீழே. கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, "ஃப்ளஷ் டோர்தானே? உள்ளே ஒண்ணுமில்லை சார். ஓரத்துல மட்டும் சட்டம் குடுத்திருக்கான். உங்க பில்டர் நல்லா ஏமாத்திட்டான்" என்பார். பால் பாக்கெட் மாறிப்போனதைச் சொல்லத்தான் வந்திருப்பார். அது ஞாபகம் வருவதற்குள் பால் திரிந்துவிடும்.

வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்கிறவர். ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, ஊஃபர் ஒரு ஜோடி, ட்வீட்டர் ஒரு ஜோடி வாங்கிவந்து, மிச்ச ஆயுளை அவற்றுக்குப் பெட்டி தேடுவதில் கழிக்கிறவர். ஊஃபர் வாங்க அரை நாள் போதும். பெட்டிக்குப் பலகை தேர்ந்தெடுக்க ஒரு ஜென்மம் போதாது.

தட்டுவதற்கென்று நடுவிரலின் இரண்டாம் கணுவை ஒதுக்கி வைத்திருக்கிறார். அது காய்த்துப்போயிருக்கும். மரம், பலகை, கல், தகரம் எதுவானாலும் அந்தக் கணு பட்டால்தான் அவருக்கு அது இருப்பதாகவே அர்த்தம். அவர் அகராதியில் 'டொக்' என்றால் உத்தமம். 'டொம்' என்றால் மத்திமம், உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்துத் திருத்தலாம். 'டொங்ங்' என்று இழுத்தால் அந்த மரத்தின் பக்கமே திரும்ப மாட்டார். 'ணங்' என்று கேட்டால் முகம் சுளிப்பார், பக்கத்தில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது மாதிரி.

ஒருமுறை தம்பி மகனுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பஜ்ஜி வந்தது, சொஜ்ஜி வந்தது, பெண் வருவதற்குள் இவர் எழுந்து, கூடத்து மூலையில் நின்ற ஈட்டி மர அலமாரியை மேலிருந்து கீழாகத் தட்ட ஆரம்பித்துவிட்டார். பெண் வீட்டாருக்கு வேறு மாதிரிப் புரிந்தது. பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கி, "அதுவும் பொண்ணுக்குத்தான் சார்" என்றார். "வேண்டாம் சார், ரிங் ஆகுது" என்றார் இவர். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை.

துக்கம் கேட்கப் போன இன்னொரு வீட்டில் ஊஞ்சல். இரண்டு அங்குல கனத்தில் ஒரே தேக்குப் பலகை, ஒட்டு இல்லை, முடிச்சு இல்லை. உட்கார்ந்தவரின் கை தானாக அடிப்பக்கம் போனது. டொக். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவரோடு இவ்வளவு பழக்கமா என்று வீட்டார் நெகிழ்ந்துபோய் இரண்டாவது காபி கொடுத்தார்கள்.

இந்தத் தட்டலுக்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. அந்தப் பின்பக்க ஒலி முன்னால் வந்து கலந்தால் பேஸ் அடிபட்டுப்போகும். அதை அடைத்துப் பிடிக்கத்தான் பெட்டி. ஆனால் அடைபட்ட காற்று பெட்டியின் சுவர்களைக் குலுக்குகிறது. சுவர்களின் பரப்பு கூம்பைப்போலப் பல மடங்கு. ஒவ்வொரு பலகைக்கும் தனக்கென்று ஒரு சுருதி உண்டு. எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்தச் சுருதி வரும் இடத்தில் பலகை கூடவே முனகும். குறுக்குச் சட்டம் கொடுத்தால் முனகல் மேல் ஸ்தாயிக்கு ஏறும். தார்ப் பட்டை ஒட்டினால் அடங்கும். ஆக, நல்ல பெட்டி என்பது வாயே திறக்காத பெட்டி. அவருடைய ஆசாரிக்கு இது மட்டும் பிடிபடவே இல்லை.

"பலாவுல செய்யலாம் சார். வீணையே பலாவுலதான செய்யறாங்க. மிருதங்கமும் அதான்."

"ஆசாரி, வீணை பாடணும். பெட்டி பாடக் கூடாது."

"பாடாத பெட்டிக்கு எதுக்கு சார் பாட்டு?"

ஆசாரி பிறகு வரவில்லை. அன்றிலிருந்து அறுப்பதும் ஒட்டுவதும் இவரே. அதன் பலனை அடுக்குமாடி முழுவதும் அனுபவிக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் பார்ட்டிகிள் போர்டில் செய்தார். திருகாணி பிடிக்கவில்லை. பிறகு எம்.டி.எஃப். கட்சியில் சேர்ந்தார். உலகத்து ஸ்பீக்கர்களில் பாதிக்கு மேல் அதில்தான் என்று எல்லாரையும் பிடித்துவைத்துச் சொன்னார். நார் ஓட்டம் கிடையாது, முடிச்சு கிடையாது, எந்தப் பக்கம் தட்டினாலும் ஒரே 'டொக்'. எட்டுக்கு நாலு அடி, 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை ஒன்று ஏறக்குறைய நாற்பது கிலோ வரும். லிஃப்டில் நுழையாது. வாட்ச்மேனுக்கு அந்த நாட்களில் அடிக்கடி காய்ச்சல் வந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தரைத்தளத்தில் குடியிருந்தார். தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் ஃப்ரிட்ஜையும் பத்திரங்களையும் தேடிக்கொண்டிருக்க, இவர் சேற்றில் நின்றபடி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். எம்.டி.எஃப். ஊறி இரண்டு பங்கு உப்பியிருந்தது. எந்தப் பக்கம் தட்டினாலும் சத்தமே இல்லை. "பர்ஃபெக்ட் டாம்பிங்!" என்றார். அவர் மனைவி அதற்கு என்ன சொன்னார் என்பதை எழுத முடியாது.

அதன் பிறகு மாடிக்குக் குடிவந்து மரைன் பிளைவுட்டுக்கு மாறினார். ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தாலும் நம்ப மாட்டார். நம் ஊர் பிளைவுட்டில் நடு அடுக்குகளுக்குள் ஆங்காங்கே சந்து விட்டிருப்பார்கள், மேலே தெரியாது. தட்டினால் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் அவர் விரலை யாரும் ஏமாற்ற முடியாது. அடுக்கி வைத்த பலகைகளை ஒவ்வொன்றாக உருவச் சொல்லி, அங்குலம் அங்குலமாகத் தட்டி, சந்து இருக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, எதையும் வாங்காமல் வந்துவிடுவார். அடுத்து வரும் வாடிக்கையாளர் அந்த வட்டங்களைப் பார்த்து 'இது என்னங்க?' என்று கேட்க, கடைக்காரர் பாடு திண்டாட்டம். இப்போதெல்லாம் அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடைப்பையன் ஓடிவந்து "ஸ்டாக் இல்ல சார்" என்கிறான்.

பால்டிக் பிர்ச் என்று ஒரு பிளைவுட் இருக்கிறது. 18 மில்லிமீட்டரில் பதின்மூன்று அடுக்கு, உள்ளே சந்தே இருக்காது. அதன் விலையைக் கேட்டவர் அன்று யாருடனும் பேசவில்லை. இருந்தும் கையளவு துண்டு ஒன்றைச் சம்பாதித்து வைத்திருக்கிறார். விருந்தாளிகள் வந்தால் அதைத் தட்டிக் காட்டுவார்.

படிப்பும் உண்டு, அதுதான் ஆபத்து. பிரிட்டனில் வார்ஃப்டேல் ஸ்பீக்கர்களைச் செய்த கில்பர்ட் பிரிக்ஸ், பலகைகளுக்கு நடுவே காய்ந்த மணலைக் கொட்டிப் பெட்டி செய்தார், செங்கல்லிலும் கட்டிப் பார்த்தார். படித்த மறுநாளே இவர் மணலுக்கு அலைந்தார். ஆற்று மணல் விலையைக் கேட்டுவிட்டு, ஊஃபரை விற்றால்தான் மணல் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் கைவிட்டார். ஹாரி ஓல்சனின் பழைய ஆராய்ச்சியில் பெட்டிக்கு ஏற்ற உருவம் கோளம் என்று இருந்தது. உடனே மானாமதுரைக் கடம் ஒன்று வந்தது. தட்டினார். ணங். அதில் இப்போது மோர் ஊற்றிவைக்கிறார்கள்.

பெரிய அடி பி.பி.சி.யிடமிருந்து வந்தது. பெட்டி எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்று அத்தனை காலம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், 1970களில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ பற்றிப் படித்தார். அதற்கு வெறும் 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட், உள்ளே தார்ப் பட்டை, அவ்வளவுதான். மெல்லிய சுவர் முனகினாலும் கீழ் ஸ்தாயியில் முனகும், அதைத் தார் அடக்கிவிடும் என்பது ஹார்வுட் என்ற பி.பி.சி. பொறியாளரின் வாதம். இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் தார் வாசனை வந்தது.

எல்லாம் முடிந்து, பெட்டி பாட ஆரம்பித்தபின் கேட்க அழைப்பார். போனால் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்க விட மாட்டார். தபலா விழும் இடம் வரை பத்து விநாடி ஓடும். நிறுத்துவார். "அந்த டெயில் கேட்டுதா?" மறுபடி அதே பத்து விநாடி. ஒரு கை ரிமோட்டில், இன்னொரு கை பெட்டியின் பக்கவாட்டில். பல்லவி தாண்டிப் பாட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

இத்தனை தட்டுகிறவர் தன் கூடத்தின் சுவரை ஒருநாளும் தட்டியதில்லை. தரை முழுக்க வழவழப்பான டைல்ஸ், மேலே கான்கிரீட், எதிரே கண்ணாடி ஷோகேஸ். அந்தக் கூடத்தில் கை தட்டினால் கை தட்டல் நாலு முறை திரும்பி வரும். பலகை செய்யும் முனகலைவிடப் பத்து மடங்கு அட்டகாசத்தை அறை செய்கிறது. கனமான திரைச்சீலையும் தரையில் ஒரு ஜமுக்காளமும் போட்டாலே பாதி வித்தியாசம் தெரியும். ஐப்பசி மழையில் துணி காயவில்லை என்று அவர் மனைவி ஈரப் போர்வைகளையும் மெத்தை உறைகளையும் கூடம் முழுக்கக் கொடி கட்டிப் போட்டிருந்த நாளில்தான் அந்த ஸ்பீக்கர் முதல்முறையாகத் தெளிவாகப் பேசியது. "புது பிரேசிங் வேலை செய்யுது பாத்தீங்களா!" என்று குதித்தார். வெயில் வந்தது, துணி போனது, தெளிவும் போனது. குறுக்குச் சட்டங்களைப் பிரித்துவிட்டார்.

ஆனாலும் எங்கள் குடியிருப்பில் யாரும் அவர் இல்லாமல் தேங்காய் வாங்குவதில்லை. வண்டி வந்து நின்றதும் ஆளுக்கொரு பையோடு பெண்கள் அவரைத்தான் தேடுகிறார்கள். வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார், இது முற்றல், இது இளசு, இது வேண்டாம். அவர் எடுத்துக் கொடுத்த தேங்காய் ஒன்றுகூட அழுகியதில்லை. அந்தக் கை தட்டாமல் இருந்ததும் உண்டு. ஒருநாள் சாயங்காலம் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' போட்டார். வயலின்கள் எழுந்தபோது கை பெட்டியை நோக்கிப் போனது. பாதியில் நின்று, மடியில் இறங்கிவிட்டது. ஒரு பக்கம் முழுவதும் ஓடியது. அந்தச் சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கப் போனால் என் வருமானத்துக்குக் கட்டுப்படியாகாது.

அந்த மதிப்பை வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் பால்கனியில் எம்.டி.எஃப். அறுக்கிறார். மரைனுக்கு மாறினாலும் முன்பலகைக்கு எம்.டி.எஃப்.தான் வேண்டுமாம். அது வெறும் மரமில்லை. மரநாரை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் குழைத்து அழுத்திய சமாசாரம். அறுத்தால் விபூதியைவிட மெல்லிய தூள் பறக்கிறது. காயப்போட்ட துணியிலும், ஜன்னல் கம்பியிலும், கீழ் வீட்டுத் துளசிச் செடியிலும் படிகிறது. மேல் வீட்டுக் குழந்தைக்கு ஏற்கனவே வீசிங். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூள், ஃபார்மால்டிஹைடு இரண்டையுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. இவர் மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்கிறார். எங்களுக்குக் கைக்குட்டை தருவதில்லை. போய்ச் சொன்னால், "இன்னும் ரெண்டே கட்டிங் சார்" என்று சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே நம் கைப்பிடிச் சுவரைத் தட்டுகிறார்.

இதில் வேடிக்கை எதுவும் இல்லை. பலகைக் கடைகளிலேயே இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அளவு எழுதிக் கொடுத்தால் அவர் கை ரம்பத்தைவிட நேராக அறுத்துத் தருவார்கள், கூலியும் அதிகமில்லை. அடுத்த பெட்டியை அவர் தேக்கில் செய்யட்டும், தாரில் செய்யட்டும், கடத்தில் செய்யட்டும். பலகையை மட்டும் கடையிலேயே அறுத்துக்கொண்டு வரட்டும். உங்களுக்கு அவரைத் தெரிந்திருந்தால் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.