கேள்வி-பதில்: ஆலங்காட்டுப் பேயும் அமெரிக்க ரத்தக் காட்டேரியும்

திருத்தணியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பேய்க் காதல், மாயாஜால நாவல்கள் பற்றிக் கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. இந்த வாரப் பக்கம் முழுக்க அவற்றுக்கே.

கேள்வி: தினமும் ரயிலில் சென்னைக் கல்லூரிக்குப் போய்வருகிறேன். பையில் எப்போதும் ஒரு ரத்தக் காட்டேரிக் காதல் நாவல் இருக்கும். "முருகன் காலடியில இருந்துக்கிட்டு பேய்க் கதையா?" என்று அம்மா திட்டுகிறார். என்ன பதில் சொல்வது?
– கல்லூரி மாணவி, திருத்தணி

பதில்: அம்மாவையே வள்ளி கதை சொல்லச் சொல்லுங்கள். மான் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்து, வேடர் தலைவன் நம்பி எடுத்து வளர்த்த பெண். பரண்மேல் நின்று கவண் வீசித் தினைப்புனம் காக்கிறாள். அவளைத் தேடி வேறு உலகத்திலிருந்து ஒருவன் வருகிறான். முதலில் வேடனாக. அப்பா வரும் சத்தம் கேட்டதும் வேங்கை மரமாகி நின்றுவிடுகிறான். நேற்று இல்லாத மரம் இன்று எப்படி முளைத்தது என்று வேடர்கள் வெட்டப் போகிறார்கள். பிறகு கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்கிறான், விக்கல் வந்துவிட்டது என்று தண்ணீர் கேட்கிறான். உருமாறும் நாயகன், மண்ணில் வளர்ந்த நாயகி, காவல் காக்கும் குடும்பம், இரவோடு இரவாக உடன்போக்கு: உங்கள் பைக்குள் இருக்கும் நாவலில் இதில் எது இல்லை? கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை முடிக்கும் இடத்தில் இந்தக் காதலுக்கென்று ஒரு படலமே வைத்தார். மணம் முடித்து இருவரும் வந்து அமர்ந்த மலைதான் உங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரிகிறது. அம்மாவோடு 365 படியும் ஏறுங்கள். ஏறி முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும், சண்டையும் முடிந்துவிடும்.

கேள்வி: பேய்க்குக் கால் கிடையாது என்கிறார்கள். அப்புறம் எப்படி ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளும்?
– பூ வியாபாரி, திருத்தணி

பதில்: கல்கியின் 'மோகினித் தீவு' படியுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வருகிறவன், ஆளில்லாத தீவில் ஒரு தம்பதியைச் சந்திக்கிறான். நிலா வெளிச்சத்தில் அவர்கள் தங்கள் காதல் கதையைச் சொல்லி முடிக்கும்போது, அவர்களுக்குக் கால் இருந்ததா என்று பார்க்க உங்களுக்கே தோன்றாது.

கேள்வி: இந்த மாதிரி நாவல்கள் இலக்கியமே இல்லை. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். நீங்களும் ஊக்குவிக்கிறீர்களே!
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அரக்கோணம்

பதில்: ஐயா, கலிங்கத்துப்பரணியைப் பாடம் நடத்தியிருப்பீர்கள். செயங்கொண்டார் போர்க்களத்தில் பேய்களைக் கூட்டிவைத்துக் கூழ் காய்ச்ச வைத்தாரே, அந்த வகுப்பில் பிள்ளைகள் கண்ணிமைக்காமல் கேட்டிருப்பார்கள். கல்கி 'சோலைமலை இளவரசி'யில் 1942 போராட்டத்தில் தலைமறைவான இளைஞனைப் பாழடைந்த அரண்மனையில் படுக்க வைத்து, போன பிறவிக் காதலைக் காட்டினார். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் பிச்சை கேட்டு வந்த பெண்ணை மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். ராத்திரி அறைக்குள் வாசனை ஒன்று வருகிறது. அவ்வளவுதான், படிக்கிறவர்களுக்கு முதுகு சில்லிட்டுவிடும். பேய் வந்ததால் ஒரு கதை தாழ்ந்துவிடாது. மோசமாக எழுதினால் தாழும், பேய் இல்லாத கதையும் அப்படித்தான். மாணவர்கள் ஆங்கிலத்தில் ஐந்நூறு பக்கத்தை இரண்டு ராத்திரியில் முடிக்கிறார்கள் என்றால், அந்தப் பசிக்குத் தமிழில் என்ன பரிமாறலாம் என்று யோசிப்பது நம் கடமை. உங்களைப் போன்றவர் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

கேள்வி: நம்ம பக்கத்துக்கென்று சொந்தமாகப் பேய்க் கதை ஏதாவது உண்டா?
– பிளஸ் டூ மாணவன், ஆர்.கே.பேட்டை

பதில்: தமிழின் மிகப் பழைய பேய்க் கதைகளில் ஒன்று உங்கள் பக்கத்துக் கதைதான். அரக்கோணத்திலிருந்து சென்னைப் பக்கம் போகும் மின்சார ரயிலில் புளியமங்கலம், மோசூர், அடுத்தது திருவாலங்காடு. அதை ஒட்டிய ஊர் பழையனூர். நீலி நடந்த ஊர்.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. பரவலாகச் சொல்லப்படுவது இது. நம்பி வந்த மனைவியைக் கணவன் வழியில் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கிறான். பேயால் ஆபத்து உண்டு என்று தெரிந்து, ஒரு மந்திரக் கத்தியை எப்போதும் கையில் வைத்திருக்கிறான். கொல்லப்பட்டுப் பேயான மனைவி நீலி காத்திருக்கிறாள். ஒரு கள்ளிக் கிளையை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் புருஷன் என்னைக் கைவிட்டுவிட்டுப் போகிறான்" என்று பழையனூர் வேளாளர் சபையில் வந்து அழுகிறாள். "இவள் பேய், நம்பாதீர்கள்" என்று அவன் கதறுகிறான். குழந்தையைக் கீழே விட்டுப் பார்க்கிறார்கள். அது நேராக அவனிடம் போய் 'அப்பா' என்று ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் எந்தப் பஞ்சாயத்து நம்பாமல் இருக்கும்? கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, "உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம்" என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஓர் அறையில் தங்க வைக்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீ வளர்த்து இறங்கிவிட்டார்கள்.

ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே ஆலங்காட்டுப் பதிகத்தின் முதல் பாட்டில் இந்த வஞ்சனையைக் குறிப்பிடுகிறார். அவர் காலத்துக்கே இது பழைய கதை.

அந்தக் கள்ளிக் குழந்தை இருக்கிறதே, உலகத்தில் எந்த மாயாஜால நாவலாசிரியரும் பொறாமைப்படுகிற கற்பனை. நீலி சொன்ன குற்றச்சாட்டு உண்மை, கொண்டுவந்த சாட்சி மட்டும் பொய். உயிரோடு இருந்தபோது அவள் சொல்லைக் கேட்க ஒரு சபையும் கூடவில்லை. செத்து, பேயாகி, பொய்க் குழந்தையோடு வந்த பிறகுதான் ஊர் உட்கார்ந்து கேட்டது. நம் பேய்க் கதைகளில் பெண் பேய்கள் ஏன் இத்தனை என்று கேட்கிறவர்களுக்கு நான் பழையனூரைத்தான் காட்டுவேன். படிக்கும்போது உங்கள் மனம் யார் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். வணிகனுக்காக அல்ல, அந்த எழுபது பேருக்காகவும் நீலிக்காகவும் ஒரே நேரத்தில் வலிக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

கேள்வி: அழகான பெண்தான் எப்போதும் நாயகி. பேயே நாயகியாக இருக்கும் கதை வேண்டும்.
– தையல் கடை நடத்துகிறவர், திருவாலங்காடு

பதில்: உங்கள் ஊர்க் கோயிலுக்குள்ளேயே இருக்கிறார். காரைக்கால் புனிதவதியின் கையில் இறைவன் அருளால் மாங்கனி வருவதைக் கண்ட கணவன், இவள் மனுஷியே இல்லை என்று பயந்து, பாண்டிய நாட்டுக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கினார் புனிதவதி. கயிலைக்குத் தலையால் நடந்தார். ஆலங்காட்டில் ஆடும் ஈசன் காலடியில் அமர்ந்து பாடினார். அம்மையார் தலையால் நடந்த மண்ணை எப்படிக் காலால் மிதிப்பது என்று சம்பந்தரே ஊருக்குள் நுழையத் தயங்கினாராம். பேயுருவைச் சாபமாக எழுதிய எழுத்தாளர்கள் ஆயிரம் பேர். விரும்பிக் கேட்ட வரமாக வாழ்ந்து காட்டியவர் இவர்.

கேள்வி: தங்கை படிக்கும் 'ட்விலைட்' நாவலை வாங்கிப் பார்த்தேன். நாயகி தூங்கும்போது நாயகன் அவள் அறைக்குள் வந்து நின்று ராத்திரியெல்லாம் பார்க்கிறான். இதைப் போய்க் காதல் என்கிறாளே!
– செவிலியர், திருவள்ளூர்

பதில்: உங்கள் கோபம் நியாயம். ஸ்டெஃபனி மேயர் 2005-இல் எழுதிய அந்தக் கதையில் எனக்கும் உறுத்துகிற இடம் அது. அனுமதி கேட்காமல் உள்ளே வந்தவன் நூறு வயதுக் காட்டேரியாக இருந்தாலும் அத்துமீறியவன்தான்.

ஆனால் தங்கைக்கு அதில் என்ன பிடிக்கிறது என்றும் கேளுங்கள். கொல்லும் பலம் உள்ள ஒருவன், அவளுக்காகத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு நிற்கிறான். கூட்டமான பஸ்ஸில் எந்தக் கை எங்கே வருமோ என்று தினமும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு போகிற பெண்ணுக்கு, தன்னை அடக்கிக்கொள்ளும் பலசாலி எவ்வளவு பெரிய கனவு! அந்தக் கனவைத் திட்டாதீர்கள்.

வள்ளி கதையிலும் எனக்கு இதே நெருடல் உண்டு. கிழவனின் ஆசைப் பேச்சை வள்ளி மறுக்கிறாள். உடனே முருகனின் அண்ணன் யானையாக வந்து மிரட்ட, அவள் பயந்து கிழவனையே கட்டிக்கொள்கிறாள். பயத்தில் பிடித்த கை சம்மதம் ஆகுமா? சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகம் இங்கேதான் பெரிய வேலை செய்தது. மேடையில் வள்ளி விட்டுக்கொடுக்காமல் தர்க்கம் செய்வாள், வேலனைக் கேள்விமேல் கேள்வி கேட்டு மடக்குவாள். ஊர் ஜனம் விடிய விடிய உட்கார்ந்திருப்பது அந்த வாதத்துக்காகத்தான். தங்கையிடம் இதைச் சொல்லிவிட்டு ஒன்று கேளுங்கள்: உன் நாவலில் நாயகி எந்தப் பக்கத்தில் நாயகனோடு சண்டை போட்டு ஜெயிக்கிறாள்? அப்படி ஒரு பக்கம் இருந்தால் நீங்களும் உட்கார்ந்து படியுங்கள்.

கேள்வி: நாங்கள் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். மாயாஜாலக் கதையில் இரண்டுக்கும் பொதுவான சொத்து எது?
– கைத்தறி நெசவாளர், பள்ளிப்பட்டு

பதில்: சந்தேகமில்லாமல் அம்புலிமாமா. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் 'சந்தமாமா'வாகவும் தமிழில் 'அம்புலிமாமா'வாகவும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் கண்ணுக்குள் நிற்கிறது: உருவிய வாளோடு விக்கிரமன், தோளில் தொங்கும் பிணம், அதற்குள்ளிருந்து கேள்வி கேட்கும் வேதாளம். 1951-இல் அதே இருவர் எடுத்த 'பாதாள பைரவி'யும் இரண்டு மொழியிலும் வந்தது. ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடி, 1960-இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. வேதாளம் அதற்கு முன்பும் பின்பும் இரண்டு பக்கமும் ஒரே முருங்கை மரத்தில்தான் தொங்கியது. விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'க்குக் கொட்டகையில் அலறியவர்களும், எண்டமூரி வீரேந்திரநாத்தின் 'துளசிதளம்' படித்துவிட்டு விளக்கை அணைக்கப் பயந்தவர்களும் இரண்டு மொழியிலும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் தெலுங்கு எழுத்தும் கற்றுக்கொண்டால், ஒரு கதையை இரண்டு முறை அனுபவிக்கிற பாக்கியம் கிடைக்கும்.

கேள்வி: தமிழில் ரத்தக் காட்டேரிக் கதை உண்டா?
– மருந்துக்கடை ஊழியர், சோளிங்கர்

பதில்: புதுமைப்பித்தனின் 'செவ்வாய் தோஷம்'. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897-இல் வந்தது. அதற்கும் கால் நூற்றாண்டு முந்தியது லெ ஃபானுவின் 'கார்மில்லா', அதில் காட்டேரியே ஒரு பெண். மூன்றையும் அடுத்தடுத்துப் படியுங்கள், கதவைத் தாழிட்டுக்கொண்டு.

கேள்வி: மனைவி ராத்திரி பன்னிரண்டு மணிவரை மர்ம நாவல் படிக்கிறாள். தானாகச் சிரிக்கிறாள், அழுகிறாள். என்ன செய்யலாம்?
– ஆட்டோ ஓட்டுநர், திருத்தணி

பதில்: "இப்ப என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அவர் கதை சொல்லட்டும். மர்ம நாவலாசிரியர் இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தபோது, வாசகர்கள் பலர் எழுதியது இதைத்தான்: 'விடாது கருப்பு' தொலைக்காட்சியில் வந்த நாட்களில் வீடே ஒன்றாக உட்கார்ந்து பயந்தது. சேர்ந்து பயப்படுவது குடும்பத்துக்கு நல்லது.

கேள்வி: நீங்கள் பேயை நம்புகிறீர்களா?
– பெயர் வேண்டாம், நகரி

பதில்: கதை நடக்கும்வரை, முழு மனதோடு.

கேள்வி: நானும் ஒரு பேய்க் காதல் நாவல் எழுதுகிறேன். நாயகன் பனி மூடிய கோட்டையில் வசிக்கும் பிரபு. பத்து அத்தியாயம் முடிந்தது, கதை நகரவே மாட்டேன் என்கிறது.
– பொறியியல் பட்டதாரி, திருத்தணி

பதில்: கோட்டையை விடுங்கள். நீங்கள் பனியைப் பார்த்ததில்லை, வாசகரும் பார்த்ததில்லை. ஆடிக் கிருத்திகை உங்களுக்குத் தெரியும். புஷ்பக் காவடிகள் நெருக்கியடித்து ஏறும்போது, அந்தக் கூட்டத்தில் ஒருவன் தோளில் மட்டும் காவடிப் பூ வாடாமல் இருந்தால்? டிசம்பர் 31 படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை நடக்கிறது, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். ஒருத்தி எண்ணிக்கொண்டே ஏறி, அவளுக்கு மட்டும் 366-வது படி வந்தால்? சரவணப் பொய்கையில் தெப்பம் சுற்றும்போது தண்ணீரில் தெரியும் நிழல்களில் ஒன்று கரையில் இல்லாதவருடையதாக இருந்தால்? இதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு உரிமை வேண்டாம்.

அடுத்தது, உங்கள் பேய்க்கு ஒரு விதி வையுங்கள். அதை எந்த அத்தியாயத்திலும் மீறாதீர்கள். நீலிக்குக் கத்தி இருக்கும்வரை அவனைத் தொட முடியாது. அந்த ஒரு விதிதான் முழுக் கதையையும் ஓட்டுகிறது. கடைசி நேரத்தில் அவள் திடீரென்று கத்தியையும் உருக்கிவிடுவாள் என்றால் சபை எதற்கு, குழந்தை எதற்கு? பிறகு, நாயகி இந்தக் காதலுக்காக எதை இழக்கிறாள் என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்யுங்கள். வள்ளி குறிஞ்சி நிலத்தை விட்டு வந்தாள், புனிதவதி உடம்பையே கழற்றிக் கொடுத்தார். உங்கள் நாயகி எதையும் இழக்காமல் அழகான பிரபுவை மட்டும் அடைகிறாள் என்று நினைக்கிறேன். பத்து அத்தியாயமாகக் கதை நிற்பது அதனால்தான். எழுதி முடித்ததும் முதல் மூன்று அத்தியாயத்தை அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.