காளிக்கே விட்டுக்கொடுக்காத வீட்டுக்காரர்

கேள்வி: கோயில் மனையில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். குத்தகை முடியப்போகிறது. சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளைப் போல எங்களுக்கும் 99 வருடம் கிடைக்குமா?
– வாசகர், திருவாலங்காடு

பதில்: உங்கள் வீட்டுக்காரர் யார்? ஆட்டப் போட்டியில் காளிக்கே விட்டுக்கொடுக்காமல் காலைத் தலைக்கு மேல் தூக்கியவர்! பத்திரமும் பலம். பக்கத்துப் பழையனூரை முதலாம் இராசேந்திர சோழன் அவருக்கு எழுதிக்கொடுத்த செப்பேடு மட்டும் 31 ஏடு. உங்கள் கையில் இருப்பது வாடகை ரசீது.

1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆணையரின் அனுமதி இல்லாமல் செல்லாது. அது கோயிலுக்கு அவசியம் அல்லது ஆதாயம் என்று அவருக்குத் தோன்றவேண்டும். உங்களுக்கு ஆதாயம் என்பது அந்தக் கணக்கில் வராது. வாடகையும் சந்தை நிலவரப்படி மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும். சிங்கப்பூரில் மட்டும் என்ன வாழ்கிறது? 99 முடிந்தால் அங்கேயும் வீடு அரசாங்கத்துக்குத்தான்.

ஒன்று முக்கியம். கெடு முடிந்தபின்னும் புதுப்பிக்காமல் குடியிருந்தால், 78-ஆவது பிரிவில் உங்கள் பெயர் 'ஆக்கிரமிப்பாளர்'. பாக்கியைக் கட்டிவிட்டு, கெடுவுக்கு முன்பே செயல் அலுவலரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.