கடிகோய்ப் பூனைக்குட்டியும் அயலூர்ப் பயணியும்: நட்பு உருவாகும் படிநிலைகள் குறித்த ஓர் ஆய்வு

முன்னாய்வுகள்

பூனை பற்றிய தமிழர் ஆய்வு பழமையானது; பாரபட்சமும் அதே அளவுக்குப் பழமையானது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையைச் செதுக்கிய பல்லவச் சிற்பி, 7ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பூனையைப் பின்கால்களில் நிறுத்தி, முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கவைத்து, பக்கத்தில் எலிகளையும் விட்டு, 'இது போலிச் சாமியார்' என்று தீர்ப்பெழுதிவிட்டான். கம்பர் சற்றுப் பெருந்தன்மையாக, பாற்கடலை நக்கிக் குடிக்க வந்த பூனையென்று தம்மையே சொல்லிக்கொண்டார். போன ஊரில் முன்பின் தெரியாத பூனைக்குட்டியிடம் மனிதன் எப்படிச் சிநேகமாகிறான் என்பதை இருவருமே தொடவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம்

இஸ்தான்புல்லில் பூனை ஊர்க்காரர். கடை வாசல்களில் தண்ணீர்க் கிண்ணமும் தீனியும் இருக்கும். யார் வைத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அயா சோபியாவில் வாழ்ந்த க்ளி என்ற பூனையை 2009இல் ஒபாமா தடவிக்கொடுத்தார். குனிந்தவர் அதிபர், பூனை அல்ல என்பது கவனத்துக்குரியது. கடிகோய்ப் பகுதியில், நடைபாதைப் படியில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்திருப்பதற்கே பெயர்போன டொம்பிலி 2016இல் இறந்தபோது, அதே தோரணையில் அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அடுத்த மாதமே அது திருடுபோய், ஊரே கூச்சலிட்ட பிறகு திரும்பி வந்தது. உழைத்துச் சிலையானவர்கள் உண்டு. சாய்ந்திருந்து சிலையான பெருமை டொம்பிலிக்கே.

கருதுகோள்

நட்பைத் தொடங்குபவன் பயணி, ஏற்பது குட்டி.

முறையியல்

கடிகோய்ப் படகுத்துறை அருகே ஒரு தேநீர்க் கடை, குட்டை முக்காலி, இடுப்பு சிறுத்த கண்ணாடிக் குவளை. ஆய்வுப்பொருள்: கறுப்பு வெள்ளைக் குட்டி, இடப்பக்க மீசையில் ஒரு முடி மட்டும் மேல்நோக்கி வளைந்தது.

படிநிலை ஒன்று, பார்வை. உற்றுப் பார்ப்பது பூனை வழக்கில் சண்டைக்கு அழைப்பு. கண்களை மெல்ல மூடித் திறக்க வேண்டும். அப்படிச் செய்யும் அந்நியரின் கையை நோக்கிப் பூனைகள் கூடுதலாக வருகின்றன என்று சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று காலங்காலமாகக் கேலி பேசிய நாம், அது நமக்கு வணக்கம் வைத்ததைக் கவனிக்கவே இல்லை.

படிநிலை இரண்டு, விரல். ஆள்காட்டி விரலைக் குட்டியின் மூக்கு மட்டத்தில் நீட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். குட்டி வாலை நட்டுக்குத்தலாகத் தூக்கியபடி வந்தது, மோந்தது, கன்னத்தைத் தேய்த்தது. கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. பயணி இதைக் கொஞ்சல் என்று நம்புகிறான். நடந்தது சொத்துப் பதிவு.

படிநிலை மூன்று, படையல். கைவசம் இருந்த லோக்கும் என்ற துருக்கி இனிப்பை நீட்டியதும், குட்டி அதைக் காலால் தட்டி மேசையடியில் உருட்டி விளையாடியது. அவமதிப்பு அல்ல. இனிப்பை உணர வேண்டிய மரபணு பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது என்பது 2005இல் வெளியான கண்டுபிடிப்பு. பாலும் பரிந்துரைக்கத்தக்கதல்ல, தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றைக் கலக்கும். பக்கத்து மீன்கடையில் வாங்கிய நெத்திலி உடனே ஏற்கப்பட்டது.

படிநிலை நான்கு, குடியேற்றம். குட்டி பயணியின் முதுகுப்பையில் ஏறி, முன்கால்களால் மாறி மாறிப் பிசைந்து, குர்குரென்றபடியே தூங்கிற்று. பயணி அசையவில்லை. படகு வந்தது, போனது, அடுத்ததும் அப்படியே.

பாதுகாப்பு நெறி

துருக்கி வெறிநோய் ஒழிந்த நாடல்ல. கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இப்பத்தியில் நகைச்சுவை இல்லை.

முடிவுகள்

குட்டி விழித்தது, சோம்பல் முறித்தது, இறங்கியது. அடுத்த மேசையில் அப்போதுதான் வந்தமர்ந்த வேறொரு பயணியின் முன் நின்றது. கண் சிமிட்டல், கன்னத் தேய்ப்பு, படையல், முதுகுப்பை. அதே படிநிலைகள், அதே வரிசை, துளியும் பிசகில்லை. கடைக்காரர் தலை நிமிராமலே குட்டியின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். அவருக்கு இது தினசரி அலுவல்.

ஆக, கருதுகோள் தள்ளுபடியாகிறது. முறையியல் குட்டியுடையது, நாம் மாதிரிகள்.

விவாதம்

குட்டிக்கு நிலையான இடம் உண்டு, வேளைக்கு உணவு உண்டு, ஊரார் அறிமுகம் உண்டு. பிடித்த தெருவிலங்குக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்று 2004இல் துருக்கி இயற்றிய 5199ஆம் எண் சட்டம் கூறியது. நாய்கள் விஷயத்தில் 2024இல் அது கடுமையாக்கப்பட்டபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். பயணிக்கோ விசா முடியும் தேதிதான் உண்டு. இருவரில் அனாதரவாகத் திரிபவர் யார், அடைக்கலம் கொடுத்தவர் யார் என்பது இப்போது விளங்கும். எனவே 'பாவம், ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா' என்ற எண்ணம் அறிவியலுக்குப் புறம்பானது.

மேலாய்வுக்கான பரிந்துரை

குட்டி ஒரு நாளில் எத்தனை பயணிகளை ஆய்ந்து முடிக்கிறது என்பது அறியப்பட வேண்டும். இதற்கு நிதிநல்கை கோரும் உத்தேசம் உண்டு. மீன்காரர் நெத்திலிக்கு ரசீது தருவதில்லை என்பதே தற்போதுள்ள ஒரே தடை.